தூங்கும்போது மீன் பிடிக்க மறுக்கும் பூனை

சோம்பேறிப் பூனையைத் தட்டித் தட்டி மீன் சேர்க்கும் கிளிக்கர் கேம், 4 மாதமாக ஆடுகிறேன். போன ஞாயிறு அவசரப்பட்டு போன் தேதியை 2 வருடம் எதிர்காலத்துக்குத் தள்ளினேன். மீன் கொட்டியது, பேராசைதான். தேதியைப் பழையபடி வைத்ததிலிருந்து, கேம் மூடியிருக்கும் நேரத்துக்கு வருமானமே இல்லை. காலையில் திறந்தால் பூனை கொட்டாவி விட்டபடி "0 மீன்" என்கிறது. உட்கார்ந்து தட்டினால் மட்டும் ஏறுகிறது.

ஆண்ட்ராய்டு 14. ஆஃப்லைன் கேம், சேமிப்பு போனிலேயே. தானியங்கி நேரம், கேச், பேட்டரி கட்டுப்பாடு எல்லாம் பார்த்தாயிற்று. முதலிலிருந்து தொடங்கவைக்கும் மறுபிறவி பட்டனைக்கூட அமுக்கினேன். மீன் வருமானப் பெருக்கல் கூடியது, அவ்வளவுதான். குக்கி கிளிக்கர் என்ற இன்னொரு கேமில் இருப்பதுபோல் சேமிப்பை எழுத்தாக வெளியே எடுக்கும் வசதி இதில் இல்லை. கடைசியாகத் திறந்த நேரம் 2 வருடம் தள்ளிப் பதிவாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

டேட்டாவை அழிக்காமல் அந்த நேரத்தை மட்டும் சரிசெய்ய வழி உண்டா?