பன்னிரண்டு நாற்காலிகள்

தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரையில் உள்ள எங்கள் ஊரில், இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழன் (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய வியாழன்) மாலைத் திருப்பலியில் பாதம் கழுவப்படுவோர் பன்னிரண்டு பேரும் ஆண்களாகவே இருந்து வந்தார்கள். வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாகப் பீடத்துக்கு முன்னால் வரிசையாக அமர்வார்கள். யார் அமர்வது என்பதில் சில குடும்பங்களுக்கு எழுதப்படாத உரிமையே உண்டு. என் தந்தை ஒன்பது ஆண்டுகள் அந்த வரிசையில் அமர்ந்தவர் என்பது எங்கள் வீட்டில் இன்றும் பேசப்படும் பெருமை.

2016 தவக்காலத்தில் நான் பங்கு மக்களின் ஆலோசனைக் குழுவான பங்குப்பேரவையில் உறுப்பினராக இருந்தேன். அந்த ஆண்டு சனவரி 21 அன்று வத்திக்கான் ஓர் ஆணையை வெளியிட்டது. சடங்கு நூலில் ‘தேர்ந்தெடுக்கப்பட்ட ஆண்கள்’ என்றிருந்த இடம் ‘இறைமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்’ என்று மாறியது. திருத்தந்தை பிரான்சிஸ் பொறுப்பேற்ற சில நாட்களிலேயே, 2013 பெரிய வியாழனன்று உரோமையின் காசல் தெல் மார்மோ சிறார் சிறைக்குச் சென்று, இரண்டு பெண்கள் உட்படப் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவியிருந்தார் என்பதால், ஆணை வந்தது எங்களுக்கு வியப்பாக இல்லை. ஆனால் எங்கள் பங்குத்தந்தை அதைக் கூட்டத்தில் வாசித்துவிட்டு, இந்த ஆண்டு பாதிப்பேர் பெண்கள் என்று அறிவித்தபோது, முதலில் எழுந்து மறுப்புச் சொன்னவன் நான்தான். நம் கரையில் மறைபரப்பிய புனித பிரான்சிஸ் சவேரியார் காலத்திலிருந்து வருகிற மரபை நம் காலத்தில் மாற்றக் கூடாது என்றேன்.

அவர் அங்கே எனக்கு மறுமொழி சொல்லவில்லை. மறுநாள் மாலை தம் இல்லத்துக்கு அழைத்து, மேசையில் சில நூல்களை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினார். சவேரியார் நம் கரைக்கு வந்தது 1542-இல். ஆனால் பங்குக் கோவில்களில் வியாழன் திருப்பலியின் நடுவே பாதம் கழுவும் வழக்கமோ, திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955-இல் புனித வார வழிபாட்டைச் சீர்திருத்திய பிறகே பரவியது. அதற்கு முன் அது பெரும்பாலும் பேராலயங்களிலும் துறவு மடங்களிலும் திருப்பலிக்கு வெளியே நடந்தது என்று விளக்கினார். 1955-இன் ஒழுங்கில் இருந்த பன்னிரண்டு என்ற எண் 1970-இல் வந்த திருப்பலி நூலில் இல்லை என்பதையும் காட்டினார். பிறகு யோவான் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தை என்னிடமே கொடுத்து, பன்னிரண்டு என்ற சொல்லைத் தேடச் சொன்னார். இரண்டு முறை படித்தேன். சீடர்கள் என்றுதான் இருந்தது.

இதனால் அவரைப் பழமைக்குப் பகைவர் என்று எண்ணிவிடக் கூடாது. வியாழன் இரவு முதல், உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பு வரை மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத்தான் ஒலிக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தவர்; எங்கள் மூதாட்டிகள் தவக்காலத்தில் பாடும் புலம்பல் பாடல்களைக் கைப்பேசியில் பதிவு செய்து இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தவர். எது எப்போது வந்தது என்று தெரிந்துகொண்டு அதன் பிறகு காப்போம் என்பதே அவர் கேட்டது. நான் அதுவரை காத்து நின்றது என் தந்தையின் நாற்காலியைத்தான் என்பது அன்றிரவு எனக்கே விளங்கியது.

பெண்கள் பட்டியலில் அவர் சேர்த்த முதல் பெயர் என் தாயாருடையது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கருவாட்டுக் கூடை சுமந்தவர். சாமியார் முன்னால் காட்டுகிற காலா இது என்று சொல்லி மூன்று நாட்கள் குதிகாலைக் கல்லில் தேய்த்துத் தேங்காய் எண்ணெய் தடவினார். வியாழனன்று பங்குத்தந்தை முழங்காலிட்டு, விறைத்துப்போன அந்தக் காலை இடது கையில் மெதுவாகத் தாங்கி, நீரை ஊற்றினார். வெடிப்புகளில் துண்டு சிக்காதவாறு ஒற்றி எடுத்தார். ஒவ்வொரு விரலிடுக்காகத் துடைத்தார். என் தாயார் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதார். அவருடைய கால்களை அவ்வளவு நெருக்கமாக நானும் அன்றுதான் பார்த்தேன்.

2020-இல் கோவில் பூட்டியிருந்தது. பெருந்தொற்றின் காரணமாக அந்த ஆண்டு பாதம் கழுவும் சடங்கை விட்டுவிடுமாறு உரோமையிலிருந்தே அறிவிப்பு வந்திருந்தது. ஏப்ரல் 9 மாலை பங்குத்தந்தை வீடு வீடாகத் தொலைபேசியில் பேசி, அந்த 13-ஆம் அதிகாரத்தைக் குடும்பமாக வாசியுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். வாசித்து முடித்ததும் நான் அடுக்களையிலிருந்து செம்பில் நீர் கொண்டுவந்தேன். தாயார் இந்த முறை மறுக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அவரை அடக்கம் செய்தோம்.

பங்குத்தந்தை இப்போது வேறு பங்கில் இருக்கிறார். 2025 ஏப்ரல் 21, பாஸ்கா திங்கள்கிழமை, திருத்தந்தை பிரான்சிஸ் மறைந்த செய்தி வந்ததும் அவரை அழைத்தேன். நெடுநேரம் பேசினார். முழங்கால் வலியால் அந்த வியாழனன்று தம்மால் மண்டியிட முடியவில்லை என்றும், முக்காலியில் அமர்ந்தபடி பாதம் கழுவியது தமக்குப் பெரிய கூச்சமாக இருந்தது என்றும் சொன்னார். அதே வியாழனன்று திருத்தந்தை, மருத்துவமனையில் 38 நாட்கள் இருந்துவிட்டுத் திரும்பியிருந்த நிலையிலும், உரோமையின் ரெஜினா செலி சிறைக்குச் சென்று, இந்த ஆண்டு பாதம் கழுவ இயலவில்லை என்று கைதிகளிடமே சொன்னதை மறுநாள் செய்தியில் பார்த்த பிறகுதான் அந்தக் கூச்சம் தம்மை விட்டுப் போனது என்றார். 88 வயதில், மூச்சுக்கே சிரமப்பட்டவர், செய்ய முடியாததைச் செய்ய முடியவில்லை என்று சொல்வதற்காகவாவது போயிருக்கிறாரே என்று சொல்லிச் சற்று நேரம் அமைதியாக இருந்தார்.

பிறகு, அம்மாவின் நாற்காலியில் இந்த ஆண்டு யார் அமர்ந்தது என்று கேட்டார். கடலுக்குப் போன கணவரை இழந்து, அதே கருவாட்டுக் கூடையோடு இப்போது சந்தைக்குப் போகிற அடுத்த தெரு அக்காள் என்றேன். அவருக்கும் காலில் வெடிப்பு உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன்.