மறு: மறு: உரித்து எடுக்கும் சக்கரப் பூச்சு: உரிபூச்சா, உரிப்பூச்சா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கார் வீலுக்கு அடித்து, வேண்டாதபோது உரித்து எடுத்துவிடும் 'பீலபிள் கோட்டிங்'குக்கு, நம் வீல் பெயிண்ட் கையேட்டின் தமிழாக்கத்தில் என்ன பெயர் வைப்பது என்று பேசிவருகிறோம். ஒரு வாரமாக இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பொருளைக் கண்ணால் பார்க்காமல் சொல்லுக்குச் சண்டை போட மனம் வரவில்லை. போன சனிக்கிழமை எங்கள் பழைய காருக்கு ஜாக்கி போட்டு, நான்கு அலாய் வீலையும் கழற்றி, மொட்டை மாடியில் வைத்து அந்தப் பூச்சை நானே அடித்தேன். அதில் ஒன்றை உரித்தும் பார்த்துவிட்டேன். விரல் இடுக்கில் இன்னும் கறுப்பு போகவில்லை. இப்போது பேசலாம் என்று நினைக்கிறேன்.

> கோட்டிங் என்றால் பூச்சு. பீலபிள் என்றால் உரிக்கத்தக்கது. 'உரிபூச்சு' என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே? வினைத்தொகை, வல்லினம் மிகாது. ஊறுகாய், குடிநீர் போல.

ஐயா, இலக்கணம் சரிதான். எனக்கு உறுத்துவது வேறு. 'உரி' என்பது தமிழில் இரண்டு வினை. தோல் தானாக உரிகிறது, உரிந்தது. தேங்காயை நாம் உரிக்கிறோம், உரித்தோம். வினைத்தொகையில் இடைநிலை மறைந்துபோவதால் இந்த வேறுபாடும் சேர்ந்து மறைந்துவிடுகிறது. உரிபூச்சு என்றால் தானாக உரிகிற பூச்சா, நாம் உரிக்கிற பூச்சா?

வேறு துறையாக இருந்தால் இதைக் கண்டுகொள்ளாமல் விடலாம். ஆனால் பெயிண்ட் வேலையில் 'உரியுது' என்பதுதான் முதல் குற்றச்சாட்டு. சுவர் ஆனாலும் கார் ஆனாலும், பெயிண்ட் உரிந்தால் அடித்தவரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்போம். எங்கள் தெருமுனையில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் பெயிண்டரிடம் போய், "அண்ணே, வீலுக்கு உரிபூச்சு அடிச்சிருக்கேன்" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கையில் இருந்த உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, "எங்க உரிஞ்சிருக்கு? காட்டுங்க" என்றார். அந்தச் சொல் எனக்கு அங்கேயே விழுந்துவிட்டது.

இப்போது பொருளைப் பற்றிக் கொஞ்சம். கையேட்டை மொழிபெயர்க்கும் தங்கைக்கும் இது உதவும்.

இந்த வகைப் பூச்சு, கரைப்பானில் கரைத்த செயற்கை ரப்பர். அடித்ததும் கரைப்பான் ஆவியாகிறது, ரப்பர் படலமாக மிஞ்சுகிறது. அவ்வளவுதான், வேறு வேதிவினை ஒன்றும் பெரிதாக நடப்பதில்லை. இந்த இனத்தில் பெயர் பெற்ற பிளாஸ்டி டிப், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பிறந்தது. அது முதலில் இடுக்கி, ஸ்பேனர் போன்றவற்றின் கைப்பிடியை முக்கி எடுப்பதற்கான திரவம். 'டிப்' என்ற பெயரே அதனால் வந்தது. அதைத் தெளிப்பு டப்பாவில் அடைத்து, யாரோ காருக்கு அடித்துப் பார்த்து, அப்புறம் அது தனி உலகமாக ஆகிவிட்டது.

பட்டறையில் அடிக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் அப்படி அல்ல. அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்து அடிக்கிறார்கள். அது காய்வதோடு நிற்காமல் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடுகிறது. பிறகு பெட்ரோல் ஊற்றித் துடைத்தாலும் அசையாது. ரப்பர் படலத்தின் மேல் பெட்ரோல் சிந்தினால் இளகிக் குழைந்துவிடும். ஆகவே கையேட்டில் வரும் 'டிரை', 'க்யூர்' என்ற இரண்டு சொற்களையும் 'காய்தல்' என்று ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம். கரைப்பான் போய்க் காய்வதை உலர்தல் என்றும், வினை நடந்து கெட்டியாவதை இறுகுதல் என்றும் பிரித்துவிடுங்கள்.

> 'நீக்குபூச்சு' எளிது, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தலைகீழாகப் புரியும். பழைய பெயிண்ட்டை அரித்து எடுக்கும் மருந்துக்கு 'பெயிண்ட் நீக்கி' என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம். நீக்குபூச்சு என்றால் பூசி நீக்குவதா, பூச்சை நீக்குவதா? ஒருவர் அதை வாங்கி, பெயிண்ட் கரையட்டும் என்று காத்திருந்தால் பாவம் நம் தலையில்.

> 'கழல்பூச்சு'? கழல் என்றாலே வட்டம், சிலம்பு. சக்கரத்துக்குப் பொருத்தம்.

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வீல் பற்றிய கையேட்டில் 'கழல்' என்ற எழுத்துகளைப் பார்க்க எனக்குப் பயம். கார்க்காரனுக்கு 'வீல் கழன்றது' என்பதைவிடக் கெட்ட செய்தி இல்லை. (பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன்: நட் உட்காரும் குழிகளிலும், வீல் ஹப்போடு ஒட்டி உட்காரும் பின்பக்க முகத்திலும் எந்தப் பூச்சும் படக்கூடாது. இடையில் சிக்கிய பூச்சு நாள்பட நசுங்கி நட்டின் இறுக்கம் தளரும். கையேட்டில் இது சின்ன எழுத்தில் இருக்கிறது. தமிழில் தடித்த எழுத்தில் போடுங்கள்.)

> எங்கட பக்கம் வீலுக்குச் சில்லு, பெயின்ற்றுக்குத் தீந்தை. 'உரிதீந்தை' எண்டு வைக்கலாமோ?

அண்ணை, தீந்தை எனக்கு மிகவும் பிடித்த சொல். போர்த்துக்கீசியரின் 'தின்தா' வழியாக வந்து உங்கள் இலங்கைப் பாடப்புத்தகத்தில் நிலைத்துவிட்டது. இங்கே தமிழ்நாட்டில் அதைச் சொன்னால் மை என்றுகூட யாருக்கும் தோன்றாது. சில்லு இன்னும் சிக்கல்: இங்கே கணினிக்காரர்கள் சிலிக்கன் சிப்புக்குச் சில்லு என்று எழுதிப் பழகிவிட்டார்கள். 'சில்லுப் பூச்சு' என்றால் மதர்போர்டுக்கு ஏதோ அடிக்கச் சொல்வதாக நினைப்பார்கள். பூச்சு இரண்டு கரைக்கும் பொது. அதை வைத்துக்கொள்வோம். உங்கள் பதிப்பில் தீந்தை என்று மாற்றினால் எனக்கு வருத்தமில்லை.

> பால் காய்ச்சினால் மேலே படிவது ஆடை. விரலால் எடுத்தால் முழுசாக வரும். 'ஆடைப்பூச்சு'?

இதை எழுதிய அம்மாவுக்கு ஒரு கும்பிடு. பொருளைப் பார்க்காமலே பொருளின் தன்மையைப் பிடித்துவிட்டீர்கள். நான் உரித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது பாலாடைதான், அடுத்தது பாம்புச் சட்டை. அதனால் 'சட்டைப்பூச்சு' என்றும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே தொல்லை: துணி குறுக்கே வந்து நிற்கிறது. ஆடைப்பூச்சு, சட்டைப்பூச்சு என்று கேட்டதும் டி-சர்ட்டில் படம் அச்சடிக்கும் சாயம் என்றுதான் போகும் புத்தி.

சரி, நான் உரித்த கதையைச் சொல்கிறேன். என் வாதம் அதற்குள் இருக்கிறது.

டயரைக் கழற்றாமலே அடிக்கலாம். டயருக்கும் ரிம்முக்கும் இடையில் சீட்டுக்கட்டுச் சீட்டுகளைச் செருகி வட்டமாக அடுக்கினால் டயர் மறைந்துவிடும். வீட்டில் சீட்டுக்கட்டு இல்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் செருகினேன். மஞ்சள் தடவிய முனைகள் சுற்றிலும் நீட்டிக்கொண்டு, வீல் ஏதோ சூரியகாந்திப் பூ போல இருந்தது. வால்வுக்கு மேல் மாஸ்கிங் டேப். பிரேக் தூசியைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஒரு சாண் தூரத்தில் டப்பாவைப் பிடித்து அடித்தேன்.

தப்பு செய்தது முதல் வீலில். முதல் கோட் பனி படர்ந்தது போல மெலிதாக இருக்க வேண்டும், அடுத்தடுத்த கோட்டுகள் நனைய விழ வேண்டும், ஐந்தாறு கோட் வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. நான் இரண்டு கோட்டில் நிறம் வந்துவிட்டதே என்று நிறுத்திவிட்டேன். சிக்கனம். மறுநாள் ஓரத்தை நகத்தால் கிளப்பினால், சரியாக வேகாத முட்டை ஓடு போலத் துணுக்குத் துணுக்காக வருகிறது. ஒரு ஆரத்துக்கே (ஸ்போக்) முக்கால் மணி நேரம். பெயிண்டர் அண்ணன்தான் வழி சொன்னார்: "சுரண்டாதீங்க. அது மேலயே இன்னும் மூணு நாலு கோட் அடிங்க. காஞ்சதும் உரிங்க." அப்படியே செய்தேன். திங்கள் மாலை ஓரத்தைக் கிளப்பி இழுத்தேன். ரப்பர் கையுறையைக் கழற்றும் அதே மெல்லிய கீச்சுச் சத்தத்தோடு, ஒரு ஆரம் முழுதும், அதன் வளைவு அச்சாகப் பதிந்த ஒரே துண்டாகக் கையில் வந்தது. அடியில் பழைய வெள்ளி நிறம், போன வருடம் நடைபாதைக் கல்லில் உரசிய சிராய்ப்பு உட்பட, வைத்தது வைத்தபடி.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. படலம் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் வலிமை, அது வீலைப் பிடித்துக்கொள்ளும் வலிமையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பள்ளிக்கூட இயற்பியலில் ஓரினக் கவர்ச்சி, வேறினக் கவர்ச்சி என்று படித்தோமே, கிட்டத்தட்ட அதே சங்கதி. வீலோடு உள்ள பிடிப்பு, படலம் தடிப்பதால் கூடுவதில்லை. படலத்தின் சொந்த வலுதான் கூடுகிறது. மெலிதாக இருந்தால் கிழிகிறது, தடிப்பாக இருந்தால் உரிகிறது. ஆக இந்தப் பொருளைப் பூச்சாக்குவதே அதன் தோல்தன்மைதான். உரிப்பது நாம் கடைசியில் செய்யும் செயல். தோலாக இருப்பது, அது வண்டியில் ஓடும் நாளெல்லாம் அதன் இயல்பு.

இங்கேதான் என் பரிந்துரை. 'உரி' வினை மட்டுமல்ல, பெயரும்கூட. உரி என்றால் தோல். புலியுரி, மரவுரி. ராமன் காட்டுக்குப் போகும்போது உடுத்தது மரத்திலிருந்து உரித்த பட்டை, மரவுரி. உரித்ததே உடுப்பாகவும் ஆன சொல் அது. நமக்கு வேண்டிய இரண்டு பக்கமும் அதில் இருக்கிறது. பெயராக எடுத்துக்கொண்டால் உரி + பூச்சு, வல்லினம் மிகும்: உரிப்பூச்சு. தோலாக அமையும் பூச்சு. தானாக உரிவதா நாம் உரிப்பதா என்ற கேள்வியே எழாது. உரிச்சொல் என்று இலக்கணத்தில் படித்த வாய்க்கு ஒற்றும் பழக்கமானதுதான்.

அந்த ஒற்று ஓசையிலும் வேலை செய்கிறது. உரிபூச்சு என்றால் நடுவில் குழைந்துபோகிறது. உரிப்பூச்சு என்றால் அழுத்தம் விழுந்து பெயர்ச்சொல்லாக நிற்கிறது. குறையும் உண்டு. அவசரத்தில் ஒற்றை விட்டுவிடுவார்கள். இன்னும் சிலர் வல்லின ற போட்டு 'உறிப்பூச்சு' என்று எழுதி, உறியடித் திருவிழாவுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

> அப்படியானால் நேரடியாகத் 'தோல்பூச்சு' என்றே வைத்துவிடலாமே?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பெயிண்டர் அண்ணனும், உரித்த துண்டை வாங்கி இழுத்துப் பார்த்துவிட்டு, "இது பெயிண்டே இல்ல, பலூன். தோல் பெயிண்ட்னு சொல்லுங்க" என்றார். ஆனால் தோல்பூச்சு என்றால் மருந்துக்கடையில் படைக்குத் தடவும் களிம்பு. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் கேட்டால் பதனிட்ட தோலுக்கு மேலே அடிக்கும் பளபளப்பு. இரண்டு இடத்தில் ஆள் உட்கார்ந்திருக்கிற நாற்காலி அது. உரி என்ற பழைய சொல் காலியாகக் கிடக்கிறது. எடுத்துக்கொள்வோம்.

மற்றச் சொற்களில் எனக்குச் சண்டை இல்லை. அடிப்பூச்சு, மேற்பூச்சு, தெளிபூச்சு (கிளியர் கோட்) மூன்றும் நன்று. பவுடர் கோட்டிங்குக்குப் 'பொடிப்பூச்சு' போதும். மின்னேற்றிய பொடியைத் தெளித்து, 200 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூட்டடுப்பில் உருக்குவது, வீட்டு மாடியில் நடக்காது என்று ஒரு வரி சேருங்கள். ஓரத்தில் கல் உரசிய காயத்துக்குச் 'சிராய்ப்பு' என்பதை யாரும் மாற்ற வேண்டாம். முழங்காலுக்கும் வீலுக்கும் அதே சொல் இருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. இந்த உரிப்பூச்சு சிராய்ப்பை நிரப்பாது, அதைச் சொல்லிவிடுங்கள். ஆழமாக இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, மறுபடி வாட்டர் பேப்பரில் வழவழப்பாக்கி, அப்புறம் அடிப்பூச்சு. அது நிரந்தரப் பெயிண்ட் வேலை. உரிப்பூச்சு நிறத்தை மறைக்கும், பள்ளத்தை மறைக்காது.

தங்கைக்கு: கையேட்டில் 'உரிப்பூச்சு' முதன்முறை வரும் இடத்தில் 'உரி என்றால் தோல்' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வேறு எதிர்ப்பு வராவிட்டால் குழுவின் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன், நடுவில் ப் போட்டு.

அன்புடன்,
மாடியில் இன்னும் மூன்று வீல் உரிக்காமல் வைத்திருப்பவன்

பி.கு.: உரித்த துண்டுகளைக் குப்பையில் போட மனம் வராமல் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "மாமா, பாம்பு வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டான். சட்டைப்பூச்சுக்கு ஒரு ஓட்டு என்று எழுதி வைக்கிறேன்.