கே.இ 20 கொரோலாவுக்கு வாங்கிய 5 கியர் பெட்டி எந்த வகை? உதவி வேண்டும்

கேள்வி (பட்டர்வொர்த்)

வணக்கம் அண்ணன்மாரே. அப்பா ஓட்டிய 1973 கொரோலா என்னிடம் இருக்கிறது. கே.இ 20, 3கே என்ஜின், 1166 சிசி, 4 கியர். ஊருக்குள் ஓட்ட ஒரு குறையும் இல்லை. ஈப்போ போக நெடுஞ்சாலையில் ஏறினால்தான் பாவம், கத்திக்கொண்டே வருகிறது. சரி, 5 கியர் போடலாம் என்று பிறையில் பழைய சாமான் கடையில் ஒரு கியர்பாக்ஸ் வாங்கினேன். "கொரோலாவுடையதுதான்" என்றார் கடைக்காரர். எந்தக் கொரோலா என்று அவருக்கும் தெரியவில்லை.

தகடு எதுவும் இல்லை. பக்கத்தில் சில வார்ப்பு எண்கள் இருக்கின்றன, அழுக்கைச் சுரண்டிப் பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை. தெரிந்துகொள்ளாமல் வண்டியில் எதையும் வெட்ட எனக்கு மனமில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் (சுங்கை பட்டாணி)

5 கியர், அலுமினிய உடம்பு என்றால் டி 50 (T50) என்ற டொயோட்டா பெட்டியாக இருக்கலாம் தம்பி. பிற்காலத்து ஏ.இ 86 கொரோலாவில் வந்தது அதுதான். அப்படியென்றால் நல்ல சாமான்.

பதில் (புக்கிட் மெர்தாஜாம்)

அண்ணே, அலுமினியத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம், கே 50 (K50) என்ற இன்னொரு டொயோட்டா 5 கியர் பெட்டியும் அலுமினியம்தான். தம்பி, வார்ப்பு எண்ணை விடுங்கள். அது அந்தத் துண்டை வார்த்தபோது போட்ட எண், பெட்டியின் பெயர் இல்லை. பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். சின்னச் சின்ன போல்ட் போட்ட தகர மூடி இருக்கிறதா? பெல் ஹவுசிங், அதாவது என்ஜினோடு சேரும் மணி வடிவ முன் உறை, உடம்போடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கிறதா, கழற்ற முடிகிறதா?

தகர மூடி, ஒரே வார்ப்பு என்றால் கே 50. பெல் ஹவுசிங் தனியாகக் கழன்று, உடம்பும் இரண்டு பாதியாகச் சேர்த்து முடுக்கியிருந்தால் டி 50.

கேள்வி கேட்டவர்

அடியில் தகர மூடி இருக்கிறது. பெல் ஹவுசிங் சேர்ந்தே இருக்கிறது. ஆனால் கடையில் துண்டு மாற்றிச் சேர்த்திருப்பார்களோ என்று ஒரு பயம். கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பலாமா?

பதில் (ஆயிர் ஈத்தாம்)

நம்ப வேண்டாம், எண்ணிப் பாருங்கள். நான் 20 வருடமாக இப்படித்தான் செய்கிறேன். உங்கள் வண்டியின் பழைய கிளட்ச் பிளேட்டை எடுத்து முன் ஷாஃப்டில் ஏற்றுங்கள். பற்கள் பொருந்தி ஏறினால் அதுவே ஒரு நல்ல செய்தி. சுற்ற ஒரு கைப்பிடியும் ஆச்சு. பின் ஷாஃப்டின் முனையில் வெள்ளைப் பெயின்ட் ஒரு பொட்டு, கிளட்ச் பிளேட்டில் ஒரு பொட்டு.

முதல் கியரில் போட்டு, பின் ஷாஃப்ட் ஒரு சுற்று வரும்வரை முன்பக்கத்தைச் சுற்றி எண்ணுங்கள். கே 50-க்கு முதல் கியர் 3.789. டி 50-க்கு 3.587.

கேள்வி கேட்டவர்

செய்தேன் ஐயா. பிளேட் அழகாக ஏறியது. ஆனால் மூன்றே முக்கால் மாதிரி தெரிகிறது, மூன்றரைக்குக் கொஞ்சம் மேல் என்றும் சொல்லலாம். இரண்டு முறை எண்ணினால் இரண்டு விடை வருகிறது.

பதில் (ஆயிர் ஈத்தாம்)

என் தவறு தம்பி, ஒரு சுற்று போதாது என்று சொல்லியிருக்க வேண்டும். 3.789-க்கும் 3.587-க்கும் வித்தியாசம் ஒரு சுற்றில் ஐந்தில் ஒரு பங்குதான், கைக்குத் தெரியாது. பின்பக்கம் 10 சுற்று வரும்வரை எண்ணுங்கள். கே 50 என்றால் முன்பக்கம் கிட்டத்தட்ட 37.9, டி 50 என்றால் 35.9. முழுதாக இரண்டு சுற்று வித்தியாசம், தவற விடவே முடியாது. பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துப் பின் பொட்டை எண்ணச் சொல்லுங்கள்.

அப்புறம் இரண்டாம் கியரும் பாருங்கள்: கே 50-க்கு 2.220, டி 50-க்கு 2.022. பத்துச் சுற்றுக்கு 22.2 அல்லது 20.2. இரண்டு கியரும் ஒரே பதில் சொன்னால் சந்தேகம் தீர்ந்தது. நான்காவதில் இரண்டு பொட்டும் சேர்ந்தே சுற்ற வேண்டும், அது நேர் கியர். ஐந்தாவதில் பின் பொட்டு முந்திக்கொண்டு போக வேண்டும்.

கேள்வி கேட்டவர்

தங்கச்சி பின் பொட்டைப் பார்த்தாள். முதல் கியர்: 10 சுற்றுக்கு 38-க்கு ஒரு விரலளவு குறைவு. இரண்டாவது: 22-க்குச் சற்று மேல். நான்காவது சேர்ந்தே வருகிறது, ஐந்தாவது முந்துகிறது. கே 50!

பதில் (சுங்கை பட்டாணி)

நான் அவசரப்பட்டுச் சொன்னது தவறுதான், மன்னிக்கவும். உங்கள் வண்டிக்கு இதுவே மேல். டி 50 வந்திருந்தால் கே என்ஜினுக்குப் பொருந்தும் பெல் ஹவுசிங்கைத் தேடி அலைந்திருப்பீர்கள்.

பதில் (புக்கிட் மெர்தாஜாம்)

வாழ்த்துகள் தம்பி. ஐந்தாவது 0.865. நாலாவதில் நிமிடத்துக்கு 3,500 சுற்று ஓடும் என்ஜின் அதே வேகத்தில் 3,030 பக்கம் இறங்கிவிடும். ஈப்போ வரை பேசிக்கொண்டே போகலாம்.

ஒரே ஒரு விஷயம், இதில் அவசரம் வேண்டாம். உங்கள் பழைய 4 கியர் பெட்டியை விட இது நீளம். வால் பகுதி வண்டிக்கு வண்டி மாறுவதால் நீளத்தை யாரிடமும் கேட்டு நம்பாதீர்கள். முதலில் பெட்டியை என்ஜினில் முடுக்கி, வண்டிக்குள் உட்காரவைத்து, பின்பக்கத் தாங்கியைச் சரிசெய்யுங்கள். கியர் கம்பி எங்கே மேலே வருகிறது என்று பார்த்த பிறகுதான் தரையில் கை வைக்க வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டை (கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கம் போகும் நீளத் தண்டு) அதற்கும் கடைசியாக அளந்து வெட்டக் கொடுங்கள், வெட்டிய பிறகு பேலன்ஸ் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கியர் எண்ணெய் ஜி.எல் 4 தரத்தில் ஊற்றுங்கள். உள்ளே சிங்க்ரோ வளையங்கள் (கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்துபவை) பித்தளை, அதற்கு அதுதான் ஏற்றது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஷாஃப்டை நாளைக்கே வெட்டக் கொடுப்பதாக இருந்தேன், நிறுத்திவிட்டேன். வேகமானி கேபிள் இதில் சரியாகக் காட்டுமா?

பதில் (ஆயிர் ஈத்தாம்)

கேபிள் மாட்டும் இடத்தில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும், அதைக் கழற்றிப் பற்களை எண்ணி இங்கே எழுதுங்கள். பழைய பெட்டியில் உள்ளதையும் எண்ணுங்கள். பின் டிஃப்பும் (பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள கியர் பெட்டி) டயரும் மாறாததால் இரண்டையும் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். பழைய பெட்டியை மட்டும் விற்றுவிடாதீர்கள்.