புதுப்பிப்பு: நியூகாசில் ஃபால்கன்ஸ் கீழே இறங்கியதா?

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. 2023-24 பிரீமியர்ஷிப் (இங்கிலாந்து ரக்பியின் முதல் நிலை லீக்) நடுவில் நான் கேட்டது: ஒரு ஆட்டமும் ஜெயிக்காமல் கடைசியில் கிடக்கும் ஃபால்கன்ஸ் இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்புக்கு இறங்குமா?

இறங்கவில்லை. 18 ஆட்டம், 18 தோல்வி, அப்படியும்! "பட்டியலை விடுங்க, ஸ்டேடியத்தைப் பாருங்க" என்றவர் சொன்னதுதான் பலித்தது. அப்போதைய விதிப்படி கடைசி அணி தானாக இறங்காது. சாம்பியன்ஷிப் வென்ற அணியோடு இரண்டு ஆட்ட பிளே-ஆஃப் ஆட வேண்டியிருந்தது. அதற்கு அந்த சாம்பியன்ஷிப் அணியின் மைதானம் 10,001 பேர் கொள்ளணும் என்பது நிபந்தனை. அந்த வருஷம் சாம்பியன்ஷிப் வென்ற ஈலிங்கின் மைதானம் அதற்குக் கிட்டவே வரவில்லை. பிளே-ஆஃபே நடக்கவில்லை.

போனஸ் புள்ளி காப்பாற்றும் என்ற கணக்கு எடுபடவில்லை. ஒரு ஆட்டத்தில் நாலு டிரை (எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டி பந்தைத் தரையில் ஊன்றுவது) போட்டாலும், 7 அல்லது அதற்குக் குறைவான ஸ்கோர் வித்தியாசத்தில் தோற்றாலும் பட்டியலில் தலா 1 புள்ளிதான், வெற்றிக்கு 4. நடுவில் ஸ்டீவ் டயமண்ட் அணியின் பொறுப்புக்கு வந்தும் அந்த சீசன் மாறவில்லை.

அடுத்த சீசனில் கிளப்புகள் வீரர்களுக்குக் கொடுக்கக்கூடிய சம்பள உச்சவரம்பு மறுபடி 64 லட்சம் பவுண்டாக உயர்ந்தது. கை இறுகிய கிளப்புக்கு அது இன்னும் பாதகம். எக்ஸிட்டர் அணியை 24-18 என வென்றும் மறுபடி கடைசி இடம்.

எதிர்பாராதது: 2025 ஆகஸ்டில் ஆற்றல் பான நிறுவனமான ரெட் புல் இந்த கிளப்பை வாங்கியது. இனி 'நியூகாசில் ரெட் புல்ஸ்' என்று தேடுங்கள்.