எகிப்தியச் சித்திர எழுத்து: ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தனிப்பொருள் உண்டா?

நைல்கரை வாசகி:
அனைவருக்கும் வணக்கம். துட்டன்காமுனின் பெயர்களைத் தாங்கிய நீள்வட்டச் சட்டங்கள் இரண்டின் படங்களை வைத்துக்கொண்டு, இணையத்தில் கிடைத்த ஓர் அட்டவணையின் துணையுடன் அவற்றைப் படிக்க முயன்று வருகிறேன். முதல் சட்டத்தில் மேலே வட்டம், நடுவில் வண்டு, வண்டின் கீழ் மூன்று கோடுகள், அடியில் கூடை உள்ளன. வட்டம் என்றால் சூரியன், வண்டு என்றால் மறுபிறப்பு, கூடை என்றால் செல்வம் என்கிறது அட்டவணை. அதன்படி படித்தால் மூன்று சொற்கள் கிடைக்கின்றனவே தவிர, அரசனின் பெயர் கிடைப்பதில்லை. வேறோர் அட்டவணையோ ஒவ்வொரு படமும் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஈடு என்கிறது. இவற்றில் எதை நம்புவது?

கல்லெழுத்து:
வணக்கம் அம்மா. இரண்டையும் ஒதுக்கிவிடுவதே நல்லது. எகிப்திய எழுத்தில் ஒரு படத்தைக் கண்டதும் அதன் பொருளைத் தேடுவதற்கு முன், அந்த இடத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். வேலைகள் மூன்று: படம் தான் காட்டும் பொருளையே குறிக்கலாம், தன் பெயரின் ஒலியை மட்டும் வேறொரு சொல்லுக்குக் கொடுக்கலாம், அல்லது ஒலியே இல்லாமல் சொல்லின் இறுதியில் நின்று, அந்தச் சொல் எவ்வகையைச் சேர்ந்தது என்று காட்டலாம்.

வீட்டின் தரைப்பட வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே ஒற்றைக் கோட்டுடன் வந்தால் அது வீடு, ஒலி ‘ப்-ர்’. அதே வீட்டுடன் ‘ர்’ ஒலிக்குரிய வாயும் நடக்கும் இரு கால்களும் சேர்ந்தால் ‘வெளியே செல்’ என்ற வினைச்சொல். இங்கே வீடு ஒலியை மட்டும் தருகிறது. வாய் அந்த ஒலியை உறுதிசெய்கிறது. கால்களுக்கு ஒலியே கிடையாது. உயிரொலிகளை அவர்கள் எழுதாததால், இன்று நாம் ‘பெர்’ என்று உச்சரிப்பது ஆய்வாளர்களின் வசதிக்கான வழக்கம்.

உங்கள் முதல் சட்டத்தில் இருப்பது அரியணைப் பெயரான ‘நெப்-கெப்பெரு-ரே’. கூடையின் ஒலி ‘நெப்’. அதே ஒலிக்குத் தலைவன் என்றும் பொருள் உண்டு. செல்வத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. வண்டு ‘கெப்பெர்’, அதாவது தோன்றுதல், உருவெடுத்தல். மூன்று கோடுகள் பன்மை. வட்டம் மட்டுமே தன் படப்பொருளில், சூரியக் கடவுள் ரேயாக நிற்கிறது. ‘ரேயின் உருவங்களுக்குத் தலைவன்’ என்பதே பெயர்.

நைல்கரை வாசகி:
மிக்க நன்றி ஐயா. ரே மேலே எழுதப்பட்டிருந்தும் கடைசியில் படிக்கப்படுவது ஏன்? இரண்டாவது சட்டத்திலும் நாணல் இலைதான் முதலில் வருகிறது. அரசனின் பெயரோ ‘துட்’ என்றல்லவா தொடங்குகிறது?

கல்லெழுத்து:
கடவுளின் பெயரைப் பிறகு எழுதுவது மரியாதைக் குறைவு என்பதால் அதை முன்னே தூக்கி வைத்தார்கள். நாணல் இலை, காய் விளையாடும் ஆட்டப்பலகை, நீரலை மூன்றும் சேர்ந்து ‘அமுன்’ என்ற கடவுளின் பெயர், அதன்பின் இரண்டு ரொட்டிகளுக்கு நடுவே காடைக்குஞ்சு நின்று ‘துட்’, அடுத்து மேலே வளையம் கொண்ட சிலுவை வடிவம் ‘அங்க்’. படிக்கும்போது ‘துட்-அங்க்-அமுன்’, அதாவது ‘அமுனின் உயிருள்ள உருவம்’. திசை அறிய காடைக்குஞ்சின் முகத்தைப் பாருங்கள்: உயிரினங்கள் பெரும்பாலும் வரியின் தொடக்கத்தையே நோக்கும்.

பழஞ்சுவடி:
அட்டவணைகளின் பிழைக்கு வயது அதிகம். இந்தச் சித்திர எழுத்தில் நாள் குறிக்கப்பட்ட கடைசிக் கல்வெட்டு எகிப்தின் பிலே தீவில் பொது ஆண்டு 394இல் வெட்டப்பட்டது. அதன்பின் படிக்கத் தெரிந்தவர்கள் மறைந்தார்கள். பிற்காலத்தில் ஹோராபொல்லோ பெயரில் வழங்கிய நூல், மகனைக் குறிக்க எகிப்தியர் வாத்தினப் பறவையை வரைந்தது அது குஞ்சுகளிடம் மிகுந்த பாசம் கொண்டது என்பதால்தான் என்று விளக்கியது. பறவை மகனைக் குறித்தது சரி, காரணம்தான் கற்பனை. அந்தப் பறவைப் படத்துக்கும் மகன் என்ற சொல்லுக்கும் ஒலி ஒன்று, அவ்வளவே. இந்தக் கற்பனை அறிஞர்களையும் பல நூற்றாண்டுகள் திசைதிருப்பியது. ஒரே செய்தியை எகிப்திய எழுத்திலும் கிரேக்கத்திலும் தாங்கிய ரொசெட்டா கல் 1799இல் கிடைத்த பிறகே வழி திறந்தது. 1822இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன், ஒலியும் பொருளும் கலந்த எழுத்து இது என்பதை நிறுவத் தொடங்கினார்.

தாயத்துத் தேடல்:
மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் படங்களின் குறியீட்டுப் பொருளை முற்றிலும் தள்ளிவிடக் கூடாது என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். சாணவண்டு உருட்டும் உருண்டையில் அவர்கள் காலைச் சூரியனைக் கண்டார்கள். கெப்ரி என்ற உதயசூரியக் கடவுளே வண்டு வடிவினன். துட்டன்காமுனின் கல்லறையில் கிடைத்த மார்பணிகளில் சூரிய வட்டத்தை ஏந்திய வண்டு, நகையாகவும் அரியணைப் பெயரின் எழுத்தாகவும் ஒரே சமயத்தில் நிற்கிறது. ‘ஜெத்’ தூண் நிலைபேற்றையும் இறந்தோரின் கடவுளான ஒசைரிஸின் முதுகெலும்பையும் குறித்ததால், அதன் வடிவத் தாயத்தை மம்மியின் கழுத்தருகே வைத்தார்கள். சில பிரமிடுகளின் சுவர்களில் பாம்பு, சிங்கம் போன்ற எழுத்துகளை வேண்டுமென்றே துண்டித்துச் செதுக்கியிருப்பதையும் காணலாம்; எழுத்தே உயிர்பெற்று இறந்தவருக்குத் தீங்கு செய்யும் என்ற அச்சம் அவர்களுக்கு உண்மையாகவே இருந்தது.

ஒரு வேண்டுகோள்: பருந்துக் கடவுளான ஹோரஸின் கண்ணின் உறுப்புகள் 1/2, 1/4 என்று பின்னங்களைக் குறிக்கும் எனப் பல தளங்களில் எழுதியிருப்பார்கள். தானியம் அளக்கப் பயன்பட்ட பின்னக் குறிகள் அந்தக் கண்ணிலிருந்து பிறந்தன என்ற பழைய கருத்து இப்போது வலுவாக மறுக்கப்பட்டுள்ளது. அதைக் குறிப்பேட்டில் சேர்க்க வேண்டாம்.

கல்லெழுத்து:
வாசகி அம்மாவுக்கு ஒரு யோசனை. ஒரே ஒரு மெய்யொலியை மட்டும் தரும் ஓரொலிக் குறிகள் ஏறத்தாழ 24. அவற்றைப் பழகியதும் கல்லறைப் பலகைகளில் வரும் படையல் வாசகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரொட்டி, பீர்ச்சாடி, எருதின் தலை, பறவையின் தலை ஆகியவை அங்கே தாம் காட்டும் பொருளையே குறிக்கும். அவற்றோடு வரும் தாமரைச் செடிமட்டும் தாமரையைக் குறிக்காது. ஒலி ஒற்றுமையால் அது ‘ஆயிரம்’. ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர், ஆயிரம் எருது, ஆயிரம் பறவை என்று இறந்தவருக்காக வேண்டும் அந்த வரியை எவர் துணையும் இல்லாமல் நீங்களே படித்துவிடலாம்.