பேஸ் ஆம்ப்பில் சத்தம் குறைந்த கேஸ்கள்: எங்கே இருந்தது கோளாறு?

வால்யூமை 9-க்கு ஏற்றியும் 3-ல் வைத்த அளவுக்குத்தான் சத்தம் என்று வரும் டிரான்சிஸ்டர் பேஸ் கிட்டார் ஆம்ப்களில், பவர் ஸ்டேஜைத் திறப்பதற்கு முன் பின்பக்கம் இருக்கும் எஃபெக்ட்ஸ் லூப்பைப் பாருங்கள், அதாவது வெளி எஃபெக்ட் பெட்டியை இணைக்கும் செண்ட், ரிட்டர்ன் என்ற இரண்டு சாக்கெட்டுகளை. ரிட்டர்ன் சாக்கெட்டில் எதுவும் சொருகாதபோது, உள்ளே ஒரு சின்னத் தகடு தொட்டுக்கொண்டுதான் பிரீஆம்ப் (டோனைச் சரிசெய்யும் முன்பகுதி) சிக்னலைப் பவர் ஆம்ப்புக்கு (ஸ்பீக்கரை ஓட்டும் பின்பகுதி) அனுப்புகிறது. லூப்பை யாரும் தொடுவதே இல்லை. அதனால் அந்தத் தொடுமுனையில் களிம்பு ஏறிவிடும். கடற்காற்று படும் ஊர்களில் இன்னும் சீக்கிரம். சத்தம் குறையும், கரகரக்கும், ஆம்ப்பைத் தட்டினால் ஒரு நொடி சரியாகும்.

செண்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு பேட்ச் கேபிள் போடுங்கள். சத்தம் திரும்பிவிட்டால் வேறெங்கும் தேட வேண்டாம். பவரை அணைத்து, காண்டாக்ட் கிளீனரை சாக்கெட்டுக்குள் சிறிது அடித்து, பிளக்கை 20, 30 தடவை சொருகி எடுங்கள். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டவே வேண்டாம். படலமாகத் தங்கித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பீக்கரைத் துண்டிக்கும் ஹெட்போன் சாக்கெட்டிலும் இதே வகைத் தகடு உண்டு, அதையும் சேர்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

*

மேலே சொன்ன லூப் சோதனைக்கும் முன்னால் ஒரு படி: கிட்டாரையே பாருங்கள். ஆக்டிவ் பேஸில் (உள்ளேயே பேட்டரியில் ஓடும் பிரீஆம்ப் உள்ளது; அது இல்லாதது பாசிவ்) கேபிளைச் சொருகினாலே 9 வோல்ட் பேட்டரி இணைந்துவிடும். ராத்திரி முழுக்கக் கேபிளோடு விட்டால் பேட்டரி வீணாகத் தீர்ந்துகொண்டே இருக்கும். மல்டிமீட்டரில் 7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். அடுத்தது, ஆம்ப்பின் ஆக்டிவ்/பாசிவ் பொத்தான். பாசிவ் பேஸை ஆக்டிவ் பக்கம் வைத்து வாசித்தால் 10 முதல் 15 டெசிபல் வரை போய்விடும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தம்தான் கேட்கும்.

*

பேட்ச் கேபிள் போட்டும் மாறாவிட்டால் ஆம்ப்பை இரண்டாகப் பிரித்துச் சோதிக்கணும். போனில் 100 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து 0.1 வோல்ட் வரும்படி சரிசெய்து ரிட்டர்னில் கொடுங்கள். மாஸ்டர் வால்யூம் ரிட்டர்னுக்குப் பின்னால் இருந்தால் அதை முழுக்கத் திறந்து வையுங்கள். 4 ஓமில் 300 வாட் தரும் ஆம்ப்பின் முழு வெளியீடு மீட்டரில் சுமார் 35 வோல்ட். அதற்கு உள்ளே 1.2 வோல்ட் தேவை என்று வைத்தால் பெருக்கம் ஏறக்குறைய 29 மடங்கு. ஆக ஸ்பீக்கர் முனையில் 3 வோல்ட் அளவு வரணும். வந்தால் பவர் ஆம்ப் நலம், கோளாறு பிரீஆம்ப்பில். முழு வால்யூமில் டோனை ஓட்டிச் சோதிக்காதீர்கள், ஸ்பீக்கருக்குள் இருக்கும் வாய்ஸ் காயில் (கம்பிச் சுருள்) கருகிவிடும். பல கிளாஸ்-டி ஆம்ப்களில் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலுமே சிக்னல் உண்டு, எதுவும் எர்த் இல்லை. மீட்டர் முள்ளை அந்த இரண்டு முனைகளில் மட்டும் வையுங்கள்; எந்த முனையையும் ஆம்ப்பின் உலோகச் சட்டத்தோடு (சேஸிஸ்) சேர்க்காதீர்கள்.

*

கேபினட்டை, அதாவது ஸ்பீக்கர் பெட்டியை, மறந்துவிடுகிறோம். 8 ஓம் 4×10 (நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்) கேபினட்டில் பெரும்பாலும் இரண்டிரண்டு ஸ்பீக்கரைத் தொடராக இணைத்து, அந்த ஜோடிகளைப் பக்க இணைப்பில் வைத்திருப்பார்கள். ஒரு காயில் அறுந்தால் அதன் ஜோடியும் ஊமையாகிவிடும். கேபிளைக் கழற்றி மீட்டரை வைத்தால் நல்ல கேபினட் 6 ஓம் பக்கம் காட்டும். 12 ஓம் பக்கம் காட்டினால் ஒரு ஜோடி போய்விட்டது.

சத்தம் இருந்து அடிக்குரல் மட்டும் காணோம் என்றால் ஒரு ஸ்பீக்கர் தலைகீழாக இணைந்திருக்கலாம், முக்கியமாகப் புது ஸ்பீக்கர் மாற்றிய பிறகு. 1.5 வோல்ட் பேட்டரியை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் பிளஸுக்குப் பிளஸாக ஒரு கணம் தொட்டுப் பாருங்கள், எல்லாக் கூம்பும் ஒரே திசையில் நகரணும்.

*

4 ஓமுக்குப் பதில் 8 ஓம் கேபினட் போட்டதால்தான் சத்தம் பாதியானது என்று சொல்வது தவறு. 300 வாட் 150 ஆனாலும் 3 டெசிபல்தான் இறங்கும். அதைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தால் காரணம் வேறு.

*

வால்வ் ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் உள்ளது) வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: ஆம்பெக் எஸ்விடி போன்றதில் ஆறு 6550 வால்வ். ஒன்று எரியாமல் இருப்பது வெளியிலிருந்தே தெரியும். அதோடு நிறுத்திக்கொண்டு தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுங்கள். உள்ளே 700 வோல்ட் வரை ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டரில் உயிரைக் குடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும். ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்து சோதிக்கவும் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.