நிச்சயமான பெண் பூசணிக்காய் வெட்டலாமா? ஹாலோவீன் விளக்கு செய்ய ஆலோசனை வேண்டும்

ஆயர்ஈத்தாம்_பெண் எழுதியது:

வணக்கம். எனக்கும் இங்கே பினாங்கின் பாயான் லெப்பாஸில் பணிபுரியும் ஒருவருக்கும் ஆவணியில் நிச்சயதார்த்தம் முடிந்து, தை மாதத்தில் திருமணம் வைத்திருக்கிறார்கள். அக்டோபர் 31ஆம் நாள் மாலை அவர் எங்கள் வீட்டுக்கு வரும்போது, ஹாலோவீனுக்காக ஆளுக்கொரு பூசணியில் முகம் செதுக்கி, உள்ளே விளக்கு வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். தம்பி தங்கைகளும் உடன் இருப்பார்கள் என்பதால் அவர் வருவதில் வீட்டில் யாருக்கும் மறுப்பு இல்லை. பூசணியில்தான் சிக்கல். பேரங்காடியில் பார்த்த இறக்குமதிப் பூசணியின் விலை கையைக் கடிக்கிறது. ஆயர் ஈத்தாம் சந்தையில் கிடைக்கும் நம்மூர் லாபு என்னும் பூசணியோ தட்டையாகவும் கத்தி இறங்காத அளவுக்குக் கடினமாகவும் இருக்கிறது. இதற்கிடையே, நிச்சயமான பெண் முழுப் பூசணியில் கத்தி வைக்கக் கூடாது என்கிறார் பாட்டி. அவரை மீறவும் எனக்கு மனமில்லை, ஆசையைக் கைவிடவும் மனமில்லை. என்ன செய்யலாம்?

சமையற்கூடத்தான் எழுதியது:

விடுதிச் சமையற்கூடத்தில் பழங்களைச் செதுக்குவது என் வேலை என்பதால், காயைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பாட்டியை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அமெரிக்காவில் செதுக்கப்படுவது குக்குர்பிட்டா பெப்போ என்னும் இனம். நடுவில் பெரிய வெற்றிடமும் மெல்லிய சுவரும் உடையது, சமைத்தால் சுவை குறைவு. நாம் குழம்பில் போடுவது பெரும்பாலும் குக்குர்பிட்டா மொஸ்காட்டா. அதன் சதை தடித்தது. ஆகவே கண்ணையும் வாயையும் ஊடுருவ வெட்ட முயலாதீர்கள். அடிப்பக்கத்தில் கை நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டித் திறந்து, விதையையும் நாரையும் வழித்தெடுத்த பின், முகம் வரப்போகும் பக்கத்தை மட்டும் உள்ளிருந்து உறுதியான கரண்டியால் சுரண்டிச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு வெளியிலிருந்து தோலையும் அதையடுத்த சதையையும் சீவி, அந்த இடத்தை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக மெலிதாக்கினால், விளக்கொளி சதையின் வழியே செம்மஞ்சளாகக் கசியும். என் கண்ணுக்கு ஓட்டை போட்ட முகத்தைவிட இதுவே அழகு.

மெழுகுவர்த்திக்குப் பதில் மின்கலத்தில் எரியும் சிறு எல்இடி விளக்கு வையுங்கள். சூடு காயை வேகவைத்து விரைவில் அழுகச் செய்யும். அக்டோபர் பினாங்கில் மழை மிகுந்த மாதம், வெட்டிய காயில் இரண்டு மூன்று நாளிலேயே பூஞ்சணம் படரும் என்பதால், அன்று மாலையே செதுக்குவது நல்லது. அடிப்பக்கம் திறந்திருந்தால் மழைநீர் தேங்காது, ஏடிஸ் கொசுவுக்கும் இடமில்லை. சுரண்டிய சதையைக் கொட்டிவிடாதீர்கள். தேங்காய்ப்பாலும் குலா மெலாக்கா என்னும் வெல்லமும் சேர்த்தால் பெங்காட் என்னும் இனிப்பு ஆகும்.

மூத்தவள் எழுதியது:

பாட்டியின் பேச்சு வெறும் பிடிவாதம் அன்று. உயிர்ப்பலிக்கு ஈடாகப் பூசணியை உடைப்பது நம் வழக்கம்; ஆயுத பூசையன்று உள்ளே குங்குமம் இட்டுச் சாலையில் உடைப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதனால்தான் பல குடும்பங்களில் முழுக்காயை ஓர் ஆண் முதலில் பிளந்து கொடுத்த பின்பே பெண்கள் நறுக்குகிறார்கள். திருஷ்டிக்கு உடைப்பது சாம்பல் பூசணி, உங்கள் விளக்குக்கு உரியது பரங்கி என்று எடுத்துச் சொல்லலாம்தான். ஆனால் வாதத்தில் வென்ற பேத்தியை எந்தப் பாட்டியும் ரசிப்பதில்லை. பாட்டியின் கையால் கத்தியை எடுத்துக் கொடுக்கச் சொல்லி, மாப்பிள்ளையை முதல் வெட்டுப் போடச் சொல்லுங்கள். அதன் பிறகு நீங்கள் செதுக்குவதைப் பாட்டி தடுக்கமாட்டார்.

இன்னொன்றும் உண்டு. 2024இல் தீபாவளி அக்டோபர் 31ஆம் நாளிலேயே வந்தபோது, என் மகள் வாசலில் கோலமும் விளக்கும் வைத்துவிட்டுப் பூசணி முகத்தைப் பின்கட்டில் வைத்தாள். வாசல் மங்கலமாக இருந்தால் பெரியவர்களின் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

சந்தைக்காரி எழுதியது:

மேலே சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆண்தான் முதலில் வெட்ட வேண்டும் என்பதற்குப் பணிந்துகொண்டே போனால், திருமணத்திற்குப் பிறகு சாம்பார் வைக்கவும் அவர் வேலையிலிருந்து திரும்பும்வரை காத்திருக்க நேரும். பூசணியே தேவையில்லை என்பது என் கருத்து. அயர்லாந்தில் இவ்வழக்கம் இருந்தபோது மக்கள் டர்னிப் கிழங்கையே குடைந்து முகம் செதுக்கினார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறிய பின்னரே, அங்கு எளிதாகக் கிடைத்த பூசணிக்கு மாறினார்கள். நீங்கள் சந்தையில் செங்குவாங் கிழங்கு வாங்குங்கள். பெரியதாகப் பொறுக்கியெடுத்துத் தோலை உரித்தால் வெள்ளை வெளேரென்று மண்டையோட்டின் நிறம் தானாகவே வந்துவிடும், சிறு கத்திக்கும் இணங்கும். காற்றுப்பட்டால் வாடும் என்பதால், விளக்கேற்றும் நேரம்வரை ஈரத்துணியால் மூடி வையுங்கள். குடைந்தெடுத்த சதை ரோஜாக் என்னும் காய்கனிக் கலவைக்கு ஆகும். கிழங்கு வெட்டப் பாட்டியிடம் அனுமதி கேட்க வேண்டியதுமில்லை.

ஆயர்ஈத்தாம்_பெண் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அவரிடம் பேசினேன், பூசணி அவருக்கு, செங்குவாங் எனக்கு என்று முடிவாகியிருக்கிறது. முதல் வெட்டுக்குப் பாட்டியும் சம்மதித்துவிட்டார், ஆனால் சதை முழுவதும் நெத்திலிக் குழம்புக்கு வேண்டுமாம். பெங்காட்டுக்குத் தனியாக இன்னொரு காய் வாங்க வேண்டும்.